தபசு மரத்தடியில்

காண்போரும் நாடகத்தில் பங்குகொள்வது கணினி தந்த புதுமை என்று எண்ணுவோர் உண்டு. 1993-இல் ‘ஹாம்நெட்’ என்னும் நாடகத்தைப் பலர் ஆங்காங்கே அமர்ந்து, இணையவழி வசனங்களைத் தட்டச்சு செய்தே நடித்தனர் என்பது மெய்தான். ஆயினும் செங்கற்பட்டு வட்டாரத்துத் திரௌபதியம்மன் விழாக்களுக்கு இது பழஞ்செய்தி.

மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தபசா, பகீரதன் தவமா என்று அறிஞர்கள் வழக்காடட்டும். கூத்தில் அர்ச்சுனன் வேடம் பூண்டவர் உயர்ந்த தபசு மரத்தில் பாடியவாறே ஏறுகிறார். உச்சியினின்று அவர் எறியும் எலுமிச்சம்பழத்தையும் வில்வ இலையையும் மகப்பேறு வேண்டும் மகளிர் முந்தானை ஏந்திப் பெறுகின்றனர். அவர்களைப் பார்வையாளர் என்பதா, பாத்திரங்கள் என்பதா?

இணையத்தில் காண்பவர் கருத்தெழுதலாம். கதையின் போக்கைக்கூட மாற்றலாம். விரும்பாதபோது விலகியும் விடலாம். தபசு மரத்தடியில் நிற்பவளோ ஏக்கத்தோடு வந்தவள். பழம் கிட்டாவிடில் அடுத்த விழாவரை அவளது காத்திருப்பு நீளும்.