மகனுக்குக் கொடுத்த நாற்காலி

கோச்சுகளின் கதை – 6

2001 நவம்பர் 10. ஃபுளோரிடாவின் தலைநகரான டல்லஹாசியில் உள்ள டோக் கேம்பெல் மைதானம். ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் 1992-இல் ஏசிசி லீக்கில் சேர்ந்ததிலிருந்து, அந்த லீக்கைச் சேர்ந்த ஒரு அணிகூட இங்கே வந்து ஜெயித்ததில்லை. அன்று நார்த் கரோலைனா ஸ்டேட் 34-28 என்று ஜெயித்துவிட்டுப் போனது. ஜெயித்த அணியின் கோச் சக் அமாடோ. 1999 சீசன் முடியும்வரை இதே மைதானத்தில், ஃபுளோரிடா ஸ்டேட்டின் தலைமை கோச் பாபி பௌடனுக்கு உதவி கோச்சாக இருந்தவர்.

தோல்வி என்னவோ ஒரு சனிக்கிழமை விஷயம்தான். ஆனால் பௌடனின் அடுத்த எட்டு வருடங்களும் எப்படிப் போகப்போகின்றன என்பது அதிலேயே இருந்தது.

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம்முடைய கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். அதில் கல்லூரி அணிகளுக்கு இருக்கும் மவுசு நமக்குப் புரிவது கஷ்டம். எண்பதாயிரம் பேர் டிக்கெட் வாங்கி மாணவர்கள் ஆடுவதைப் பார்க்க வருகிறார்கள். பௌடன் 1976-இல் டல்லஹாசிக்கு வந்தபோது, அதற்கு முந்தைய மூன்று சீசன்களிலும் சேர்த்தே அந்த அணி ஜெயித்தது நான்கு ஆட்டங்கள். அந்த அணியைத்தான் அவர் 1987 முதல் 2000 வரை, தொடர்ந்து 14 சீசன்கள், ஒவ்வொன்றிலும் பத்து வெற்றிக்குக் குறையாமல், நாட்டின் முதல் ஐந்து இடங்களுக்குள் வைத்திருந்தார். 1993-இலும் 1999-இலும் தேசிய சாம்பியன். அதுவும் 1999-இல் சீசன் தொடங்கும் முன்பிருந்து கடைசி நாள்வரை முதலிடத்தைவிட்டு இறங்கவில்லை. அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை.

இந்த ஆட்டத்தில் கோச்சின் பெரிய தலைவலி, ஆட்கள் தங்க மாட்டார்கள் என்பது. நான்கைந்து வருடங்களில் பையன்கள் போய்விடுவார்கள். ஆகவே வருடா வருடம் பள்ளிக்கூடப் பையன்களைத் தேடிப் பிடித்தாக வேண்டும். வீடு வீடாகப் போய், சமையலறை மேஜையில் அம்மாவோடு உட்கார்ந்து பேசி, பையனை அனுப்பச் சம்மதம் வாங்க வேண்டும். அலபாமாவின் பர்மிங்ஹாமில் பிறந்த பௌடன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் செய்யக் கூப்பிட்டால் சந்தோஷமாகப் போகிறவர். அம்மாக்களிடம் பேச அவரைவிட்டால் ஆள் கிடையாது என்பார்கள். ஆனால் அந்த வீட்டுக்கு அவர் போய்ச் சேருவதற்கு முன்னால், உதவி கோச் ஒருவர் பல தடவை போய் வந்திருப்பார். எந்தப் பையன் எப்படி வளர்கிறான், வீட்டில் யார் சொல்வது நடக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் வேறு கல்லூரிக்குப் போனால் இந்தத் தொடர்பெல்லாம் கூடவே போய்விடும்.

அணி ஜெயிக்க ஜெயிக்க, மற்ற கல்லூரிகள் கண் வைப்பது இந்த உதவியாளர்கள் மேல்தான். முதலில் அமாடோ போனார். அடுத்த வருடம், அஃபென்ஸ் (பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுக்கும் பிரிவு) முழுவதையும் கையில் வைத்திருந்த மார்க் ரிச்டை ஜார்ஜியா பல்கலைக்கழகம் தலைமை கோச்சாகக் கூட்டிக்கொண்டது. வேலை உறுதியான பிறகும் அவர் இருந்து, 2001 ஜனவரியில் ஓக்லஹோமாவுக்கு எதிரான சாம்பியன் ஆட்டத்தை நடத்திக் கொடுத்தார். 13-2 என்று தோல்வி. அஃபென்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ரிச்டின் மனசு அப்போதே ஜார்ஜியாவுக்குப் போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள், நியாயமான சந்தேகம்.

ரிச்ட் விட்டுப்போன நாற்காலிக்கு நாடு முழுவதும் தேடியிருக்கலாம். பௌடன் தன் மகன் ஜெஃப்பை உட்கார வைத்தார்.

ஜெஃப் ஒன்றும் தெருவிலிருந்து வந்தவர் அல்ல. சில வருடங்களாக அதே அணியில், எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அந்தக் குடும்பமே கோச்சுகளின் குடும்பம். டெர்ரி, டாமி என்ற மற்ற இரண்டு மகன்களும் வேறு கல்லூரிகளில் தலைமை கோச்சாகப் பேர் வாங்கியவர்கள். டாமியின் கிளெம்சனைத் தோற்கடித்துத்தான் 1999-இல் அப்பா தன் 300-வது வெற்றியையே எடுத்தார். ஆகவே நியமனத்தைக்கூட நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஓர் உதவியாளர் சரிப்பட்டு வரவில்லை என்றால் அடுத்த டிசம்பரில் அவரை அனுப்பிவிடலாம். மகனை எப்படி அனுப்புவது? இந்தக் கேள்வியை அலுவலகத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்கவும் முடியாது.

ஆறு சீசன்கள் அப்படியே ஓடின. சரிவும் முகத்தில் அடித்த மாதிரி தெரியவில்லை. ஏசிசி என்பது அப்போது கூடைப்பந்துக்குப் பேர்போன லீக். அதில் 2002, 2003, 2005 என மூன்று தடவை கோப்பை வந்தது. அலமாரியில் கோப்பை இருக்கும்போது அணி கெட்டுப்போயிருக்கிறது என்று யார் சொன்னால் எடுபடும்? ஆனால் 2002 சீசன் முடிவில், சுகர் பௌல் என்ற ஆட்டத்தில் எதிரே நின்றது ரிச்டின் ஜார்ஜியா. 26-13 என்று அவர் பழைய முதலாளியை ஜெயித்தார். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும், டல்லஹாசியின் முதல் குவாட்டர்பேக் அன்று ஆடவே இல்லை. செமஸ்டர் தேர்வுக்குப் போகாததால் அவருக்குத் தடை.

2004-இல் மயாமியும் வர்ஜீனியா டெக்கும் லீக்குக்குள் வந்தன. பக்கத்துப் போட்டியாளரான ஃபுளோரிடா பல்கலைக்கழகம் 2005 சீசனுக்கு அர்பன் மேயர் என்ற கோச்சைக் கொண்டுவந்து, 2006-இலும் 2008-இலும் தேசிய சாம்பியன் ஆனது. டல்லஹாசிக்கு வர வேண்டிய பையன்களுக்கு வேறு வாசல்கள் திறந்துவிட்டன.

2006 நவம்பரில் வேக் ஃபாரஸ்ட் என்ற சிறிய கல்லூரி வந்து 30-0 என்று ஜெயித்தது. பௌடன் வந்து முப்பது வருடங்களில், சொந்த மைதானத்தில் அவருடைய அணி ஒரு புள்ளிகூட எடுக்காதது அதுவே முதல் தடவை. மூன்றாம் நாள் ஜெஃப் ராஜினாமா செய்தார். கல்லூரியின் நன்கொடையாளர் சங்கம் அவருக்கு 5,37,500 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. போகிறவருக்கு இவ்வளவு பணம் கொடுத்து அனுப்ப வேண்டி வந்தது என்றால், அந்தப் பேச்சை எடுக்கவே எவ்வளவு தயங்கியிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பௌடன் அப்போதும் விலகவில்லை. அலபாமாவின் பெரிய கோச் பேர் பிரையன்ட், கடைசி ஆட்டம் முடிந்து ஒரு மாதத்துக்குள் இறந்துபோனவர். அந்தக் கதையைப் பௌடன் அடிக்கடி சொல்வார். ஓய்வு என்றாலே அவருக்கு அதுதான் ஞாபகம் வரும். இன்னொரு பக்கம், பென் ஸ்டேட் கோச் ஜோ பட்டர்னோவும் இவரும் அதிக வெற்றி யாருக்கு என்று போட்டியில் இருந்தார்கள். இரண்டு பேருமே எழுபதைத் தாண்டியவர்கள்; எவர் முதலில் எழுந்தாலும் எண்ணிக்கை நின்றுபோகும். கடைசியில் அந்த எண்ணிக்கையிலும் மண் விழுந்தது. ஆன்லைன் தேர்வு ஒன்றில் விளையாட்டு மாணவர்களுக்கு விடை சொல்லிக் கொடுத்த விவகாரம் வெடித்து, 12 வெற்றிகள் ரத்தாயின. 389 என்பது 377 ஆனது.

ஒப்பிட்டுப் பார்க்க நிக் சேபன் என்ற கோச் இருக்கிறார். அலபாமாவில் 17 சீசன்களில் ஆறு தேசியப் பட்டங்கள். அவரிடமிருந்தும் வருடா வருடம் உதவியாளர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் வேறு இடங்களில் வேலை போனவர்களைக்கூடக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தன் பழைய ஆட்ட முறையையே அவர்களுக்காக மாற்றிக்கொண்டார். 2017 ஜனவரியில், சாம்பியன் ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அஃபென்ஸைப் பார்த்துக்கொண்ட லேன் கிஃபினை அனுப்பிவிட்டார். அந்த ஆட்டத்தில் அலபாமா தோற்றது என்பது வேறு விஷயம். பௌடனுக்கு அந்த ஈவிரக்கமின்மை வராது. விசுவாசத்தை வைத்தே அணியைக் கட்டியவர். மிக்கி ஆண்ட்ரூஸ் 1984 முதல் 2009 வரை அவருடைய டிஃபென்ஸைப் (எதிரணியைத் தடுக்கும் பிரிவை) பார்த்துக்கொண்டார். நல்ல நாளில் அது பெரிய பலம். ஆனால் அந்தக் கடைசி 2009 சீசனில் ஜார்ஜியா டெக் அதே மைதானத்தில் 49 புள்ளி எடுத்தபோது, மாற்றச் சொல்லும் ஆள் யாரும் இல்லை.

அதற்கு இரண்டு வாரம் முன்பு வந்தது சௌத் ஃபுளோரிடா. 1997-இல்தான் ஃபுட்பால் அணியே தொடங்கிய பல்கலைக்கழகம். 17-7 என்று ஜெயித்தது. அவர்களுடைய குவாட்டர்பேக்குக்கு அதுதான் தொடக்கத்திலிருந்தே களமிறங்கிய முதல் ஆட்டம். பையன் எந்த ஊர் என்று விசாரித்தால், டல்லஹாசி.

அந்த சீசன் முடிவில், அதிகாரம் இல்லாமல் இருக்கிறீர்களா, விலகுகிறீர்களா என்று கேட்ட பல்கலைக்கழகத் தலைவர் டி.கே. வெதரெல், 1960-களில் பௌடன் இங்கே உதவி கோச்சாக இருந்தபோது அவரிடம் ஆடிய மாணவர். எண்பது வயதான பௌடன் விலகுவதாகச் சொன்னார். வாரிசு 2007-லேயே அறிவிக்கப்பட்டிருந்தார்: ஜெஃப்பின் நாற்காலிக்கு வந்த ஜிம்போ ஃபிஷர். அவர் 2013-இல் ஓர் ஆட்டமும் தோற்காமல் தேசியப் பட்டம் வாங்கினார். நான்கே வருடங்களில், 5-6 என்ற கணக்கோடு டெக்சாஸுக்குக் கிளம்பினார். 2023-இல் அந்த ஊர்க்காரர்கள், ஏழரைக் கோடி டாலருக்கு மேல் கொடுத்தாவது அவரை அனுப்பினால் போதும் என்ற நிலைக்கு வந்தார்கள். அந்தக் கணக்கு அடுத்த வாரம்.

(தொடரும்)