உயிரித் தொழில் நுட்பம் வளர்ந்த வரலாறு

ஹங்கேரி நாட்டில் பெரியதொரு பன்றிப் பண்ணையை நடத்தி வந்த கார்ல் எரெக்கி என்ற வேளாண்மைப் பொறியியலறிஞர், 1919ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். மூலப் பொருள்களை உயிர்களின் துணைகொண்டு பயனுள்ள வேறு பொருள்களாக மாற்றும் தொழில்கள் அனைத்திற்கும் அந்நூலில் அவர் 'பயோடெக்னாலஜி' என்று பெயரிட்டார். தமிழில் இது உயிரித் தொழில் நுட்பம் என வழங்குகிறது.

பெயர் புதிதேயன்றித் தொழில் புதிதன்று. பாலுக்கு உறையிடுவதும், இட்லி மாவைப் புளிக்க வைப்பதும், பதநீர் கள்ளாவதும் நுண்ணுயிர்களின் செயல்களே. இவற்றைப் பழக்கத்தால் கையாண்ட மக்கள், வேலை செய்வது எது என்பதை அறிந்திருக்கவில்லை. வீட்டில் மாவு கெட்டால் ஒரு வேளை உணவோடு இழப்பு முடிந்துவிடும். ஆலையிலோ ஆயிரக்கணக்கான குடம் சரக்கு வீணாகும்.

அத்தகைய இழப்பே இவ்விஞ்ஞானத்திற்கு வழி திறந்தது. 1856இல் பிரான்சு தேசத்து லீல் நகரில், பீட் கிழங்குச் சாற்றிலிருந்து சாராயம் வடித்த ஒருவர், தம் தொட்டிகள் சில காரணமின்றிப் புளித்துக் கெடுவதாக லூயி பாஸ்டரிடம் முறையிட்டார். பாஸ்டர் இருவகைத் தொட்டிகளின் சாற்றையும் உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினார். நல்ல தொட்டியில் உருண்டை வடிவான ஈஸ்ட் அணுக்கள் இருந்தன. கெட்ட தொட்டியில் கோல் போன்ற வேறு உயிர்கள் மலிந்திருந்தன. ஒவ்வொரு வகைப் புளிப்பிற்கும் தனித்தனி உயிரே காரணம் என்ற உண்மை இவ்வாறு புலனாயிற்று. பின்னர் 1883இல் கோபன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பர்க் ஆராய்ச்சிசாலையில் எமில் ஹான்சன் என்பார், ஒரே ஓர் ஈஸ்ட் அணுவிலிருந்து கலப்பற்ற வளர்ப்பை உண்டாக்கிக் காட்டினார். வேண்டிய உயிரைப் பிரித்தெடுத்துத் தூய்மையாகப் பெருக்கும் இம்முறை இன்றளவும் இத்துறைக்கு அடிப்படையாக விளங்குகிறது.

வேளாண்மையில் இதன் பயனை முதலில் விளக்கியவை பயறு வகைப் பயிர்களே. பயறு விளைந்த நிலத்தில் அடுத்த பயிர் செழிப்பதை உழவர்கள் நெடுங்காலமாக அறிவர். காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக நைட்ரஜன் வாயு இருந்தும், பயிர்கள் அதனை நேரடியாக உட்கொள்ள இயலாது. பயறுக்கு மட்டும் அது எங்ஙனம் கிட்டுகிறது? ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் நைட்ரஜன் சத்து நீக்கிய மணலில் ஓட்ஸ் தானியத்தையும் பட்டாணியையும் வளர்த்துப் பார்த்தனர். ஓட்ஸ் வாடியது. பட்டாணியோ சில தொட்டிகளில் செழித்தது, சிலவற்றில் வாடியது. மணலைச் சூடேற்றி உயிரற்றதாக்கியபோது பட்டாணி அனைத்துமே வாடியது. வயல் மண்ணைக் கரைத்த நீரைச் சிறிதளவு ஊற்றியதும், வேரில் முடிச்சுகள் தோன்றிப் பயிர் மீண்டும் தழைத்தது. 1886இல் இம்முடிவுகள் வெளியாயின. 1888இல் ஹாலந்து தேசத்து பெய்யரிங்க் அம்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அதுவே ரைசோபியம். எட்டே ஆண்டுகளில், 1896இல், நோபே, ஹில்ட்னர் ஆகியோர் அதனை வளர்த்து விற்பனைக்குரிய பொருளாக்க உரிமை பெற்றனர்.

மருந்துத் துறையில் இதே பாடம் கடுமையாகக் கற்பிக்கப்பட்டது. 1928இல் அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் கண்ட பெனிசிலின், பத்தாண்டுகளுக்கு மேல் மருந்தாகாமலேயே கிடந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின் முதலியோர் அதனைப் பிரித்து, 1941இல் குருதி நஞ்சேறிய ஒரு காவலருக்குச் செலுத்தினர். அவர் தேறி வந்தார். ஆனால் மருந்து தீர்ந்துவிட்டது, அவருடைய சிறுநீரிலிருந்து மீட்டெடுத்துச் செலுத்தியும் போதவில்லை, அவர் இறந்தார். குறை மருந்திலன்று, உற்பத்தியில்தான். அமெரிக்காவில் பியோரியா நகர ஆராய்ச்சிசாலையில், மக்காச்சோள மாவு ஆலையின் கழிவு நீரில் பூஞ்சணத்தை ஊட்டி வளர்த்து, பெருந்தொட்டிகளில் காற்றைச் செலுத்திக் கலக்கும் முறையைக் கண்டனர். அழுகிய முலாம்பழத்தில் கிடைத்த வீரியமிக்க பூஞ்சண வகையும் கைகொடுத்தது. புனேயை அடுத்த பிம்ப்ரியில் இந்திய அரசின் தொழிற்சாலை 1955இல் பெனிசிலின் உற்பத்தியைத் தொடங்கியது.

அதுவரை இயற்கை அளித்த உயிர்களைத் தேர்ந்தெடுப்பதே வழக்கம். 1973இல் கோஹன், பாயர் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள், ஓர் உயிரின் மரபணுவை மற்றொன்றில் சேர்த்து வேலை செய்ய வைத்தனர். பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டு வந்த இன்சுலின், மனித மரபணுவைத் தாங்கிய பாக்டீரியாவால் 1978இல் செய்யப்பட்டது. 1982இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. இந்தியாவில் இதற்கெனத் தனி மத்திய அரசுத் துறை 1986இல் அமைந்தது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை ஏற்ற பருத்தி 2002இல் அனுமதிக்கப்பட்டது. காய்ப்புழுக்கள் அதனால் முதலில் அடங்கின. எனினும் சில ஆண்டுகளில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதனைத் தாங்கும் ஆற்றலைப் பெற்றது. புழுவும் உயிர்தானே!

களப் பணியாளரின் கையில் அடிக்கடி வருவது இத்தகைய புதுமைகளன்று, ரைசோபியம் பொட்டலமே. 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006இல் உயிர் உரங்களும் சேர்க்கப்பட்டன. அதன்படி, தூள் வடிவிலுள்ள ரைசோபியத்தில் ஒரு கிராமுக்கு ஐந்து கோடி உயிரணுக்களேனும் இருத்தல் வேண்டும். ஆலையில் இவ்வளவு இருந்தும், கடையின் தகரக் கூரையடியிலோ வண்டியின் வெயிலிலோ அவை மடிந்துவிட்டால் எஞ்சுவது கரித்தூள் போன்ற வெறும் பொடியே. "போட்டுப் பார்த்தோம், பலனில்லை" என்று உழவர் கூறும்போது, குறை பெரும்பாலும் பொட்டலம் வந்த வழியில் இருக்கும். இன்ன பயிருக்கு இன்ன ரைசோபியம் என்ற பொருத்தமும் உண்டு. நிலக்கடலைக்குரியது கொண்டைக்கடலைக்கு உதவாது. ஆகவே பயிரின் பெயரையும் காலாவதித் தேதியையும் பார்த்தே வாங்குதல் வேண்டும். ஆறிய கஞ்சியிலோ வெல்லக் கரைசலிலோ கலந்து விதையின் மீது பூசி, நிழலில் உலர்த்தி, தாமதியாமல் விதைத்தல் நன்று. பூஞ்சண மருந்தை அதனுடன் ஒருசேரக் கலத்தலாகாது.

பலனை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பயிர் பூக்கும் தருணத்தில் இரண்டொரு செடிகளை வேர் அறாமல் மண்ணோடு தோண்டி, நீரில் அலசி, வேர் முடிச்சுகளை நகத்தால் கீறிப் பார்த்தால் போதும்; பள்ளி மாணவர்களும் இதனைச் செய்யலாம். உள்ளே இளஞ்சிவப்பு நிறமிருப்பின் பாக்டீரியா நைட்ரஜனைச் சேர்த்துக் கொண்டிருக்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருப்பின், முடிச்சு இருந்தும் வேலை நடைபெறவில்லை.