ஆம்பூர் தோலும் ராமச்சந்திரன் வரைபடமும்

ஆம்பூர் தாண்டும்போது டேனரி வாசம் வந்தா பஸ் ஜன்னலை மூடுற ஆட்கள்ல நானும் உண்டு. அந்தத் தோலுக்குள்ள என்ன இருக்குன்னு ஃபைனல் இயர் வர்ற வரைக்கும் யோசிச்சதே இல்லை. நீங்க யோசிச்சிருக்கீங்களா?

உள்ளே இருக்கிறது கொலாஜன். தோலுக்கு உறுதி தர்ற புரதம். குரோம் பதனிடும்போது குரோமியம் போய்ப் பிடிச்சுக்கறது இந்தக் கொலாஜன் இழைகளைத்தான். அதனாலதான் பதனிட்ட தோல் அழுகுறதில்லை, சூட்டுக்கும் சீக்கிரம் சுருங்கறதில்லை.

இந்தக் கொலாஜனோட அமைப்பைச் சொன்னவர் நம்ம சென்னையில வேலை பார்த்த ஜி. என். ராமச்சந்திரன். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியரா வந்தார். வயசு சுமார் 30. கொலாஜன் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடலைன்னு அங்கே வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னால் சொல்ல, அதையே கையில எடுத்துக்கிட்டார். பக்கத்துலயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கிருந்து கங்காரு வால் தசைநாண் கிடைச்சுது. அதை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்து, அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க: கொலாஜன்ல மூணு இழை இருக்கு. 1955-ல் அதைத் திருத்தி, மூணும் கயிறு மாதிரி ஒண்ணையொண்ணு சுத்தி முறுக்கியிருக்குன்னு சொன்னாங்க.

அடுத்து வந்தது எதிர்ப்பு. டி.என்.ஏ. புகழ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், மூணு இழை சரி, ஆனா உங்க மாடல்ல சில அணுக்கள் ரொம்ப நெருக்கமா இருக்கேன்னு கேட்டாங்க.

நாமளா இருந்தா பதில் எழுதிச் சண்டை போட்டிருப்போம். ராமச்சந்திரன் கேள்வியையே பெருசாக்கினார்: அணுக்கள் உண்மையில எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை வெளியான படிக அமைப்புகளையெல்லாம் அலசி, புரதச் சங்கிலியோட ஒவ்வொரு கண்ணியும் எந்தெந்தக் கோணத்துல திரும்பினா அணுக்கள் மோதாதுன்னு கணக்குப் போட்டார். ஃபை, சை என்ற ரெண்டு கோணத்தை ரெண்டு அச்சுல வச்சா, அனுமதி உள்ள இடம் சின்னச் சின்னத் திட்டுகள்தான். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரனோட சேர்ந்து 1963-ல் இதை வெளியிட்டார். அதுதான் ராமச்சந்திரன் வரைபடம்.

கொலாஜன் விவாதத்துல, நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு எத்தனைங்கிற விஷயத்துல ரிச்-கிரிக் சொன்னதுதான் பின்னாடி நிலைச்சது. மூணு இழை முறுக்கும் நிலைச்சது. ஆனா அந்த எதிர்ப்புக்குப் பதில் தேடப் போய்ப் பிறந்த வரைபடம் ரெண்டையும் தாண்டிப் போயிடுச்சு. இன்னைக்குப் புரோட்டீன் டேட்டா பேங்க்ல ஒரு புரத அமைப்பைச் சேர்த்தா, அதைச் சரிபார்க்கிற அறிக்கையில ராமச்சந்திரன் சோதனை இருக்கும். பயோகெமிஸ்ட்ரி பாடப் புத்தகத்துல அந்தப் படம் இருக்கும். மூலக் கட்டுரையைப் படிக்காதவங்களும் தினமும் அதைப் பயன்படுத்துறாங்க. இந்தச் செல்வாக்கை எந்த சைட்டேஷன் எண்ணிக்கை முழுசா காட்டும்?

நாம இப்போ பேப்பர் எத்தனை, சைட்டேஷன் எத்தனைன்னு எண்ணிக்கிட்டு இருக்கோம். அடுத்த ப்ராஜெக்ட் ரிவ்யூல யாராவது "இது இடிக்குதே"ன்னு சொன்னா, உடனே வாதாட வேண்டாம். எங்கே இடிக்குதுன்னு முதல்ல அளந்து பாருங்க.

நானும் அடுத்த தடவை ஆம்பூர்ல ஜன்னலைத் திறந்தே வைக்கப் போறேன். கொஞ்ச நேரமாவது.