விக்கிப்பீடியாவின் வாசகர் குறைவு: உழைப்பும் உடைமையும்

ஒரு கலைக்களஞ்சியத்தை நாடுவோர் தொகை குறையுமாயின், அதன் தரம் தாழ்ந்தது என்றோ மக்களின் அறிவுநாட்டம் தளர்ந்தது என்றோ கூறிவிடுவது எளிது. 2001 ஜனவரியில் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியாவைப் பொறுத்தவரை இவ்விரு விளக்கங்களும் போதியனவல்ல. 2025 ஒக்ரோபரில் விக்கிமீடியா நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, அதற்கு முந்திய சில மாதங்களில் மனிதர் பார்வைகள் 2024இன் அதே மாதங்களிலும் ஏறத்தாழ 8 வீதம் குறைந்திருந்தன. அவ்வாண்டு மே, யூன் மாதங்களில் மனிதருடையனவெனத் தோன்றிய வருகைகளிற் பல, மனிதர்போல் நடித்த தானியங்கி நிரல்களுடையன என்பதும் பின்னரே தெரியவந்தது.

ஆயின் அக்களஞ்சியத்தின் அறிவு முன்னரிலும் குறைவாகவா பயன்படுகிறது? இல்லை, நுகர்வின் களமே மாறியுள்ளது. 2012இல் கூகிள் தன் தேடற்பக்கத்திலேயே சுருக்கக் குறிப்புகளைத் தரத் தொடங்கியது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. 2024இல் தேடல் விடைகளின் தலைப்பிலேயே செயற்கை நுண்ணறிவுச் சுருக்கங்கள் இடம்பெற்றன. வினவுவோன் விடையைப் பெறுகிறான். அது பிறந்த பக்கத்தைக் காண்பதில்லை.

இதனைத் திருட்டு என முற்போக்காளர் சிலர் சினந்துரைப்பர். அச்சொல் எமக்கு உடன்பாடன்று. மூலத்தைச் சுட்டியும் அதே உரிமத்தின்கீழும் எவரும், வணிக நோக்கிற்கேனும், பயன்படுத்தலாம் என்பதே அதன் உரிமம். (மூலம் எவ்வளவு நேர்மையாகச் சுட்டப்படுகிறது என்பது வேறு வினா.) ஒழுக்கச் சினம் பொருளாதார உறவை மறைத்துவிடுகின்றது. இங்கிலாந்தின் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டமையை மார்க்ஸ் 'மூலதனம்' முதற்பாகத்தில் ஆராய்ந்தார். அங்கு உழவன் நிலத்தை இழந்தான். இங்கோ எடுப்பதனால் எதுவும் குறைவதில்லை. கட்டுரை இருந்த இடத்திலேயே இருக்கின்றது. குறைவது, அப்பொதுவுடைமையைப் பேணுவோர் உருவாகும் வழியே. ஊதியம் பெறாத அவ்வெழுத்தாளர் யாவரும் முதலில் வாசகராகவே வந்தவர். ஒரு பிழையைக் கண்டு திருத்தியவரே நாளடைவில் கட்டுரையாளரானார். சிறுதொகை நன்கொடையும் அவ்வாசகரிடமிருந்தே கிடைத்தது. பக்கத்தைக் காணாதவன் பிழையையும் காணான்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா போன்று, எழுதுவோர் சிலராகவேயுள்ள களங்களில் இவ்விழப்பு மேலும் கடுமையாக உணரப்படக்கூடும். பெருநிறுவனங்களிடம் கட்டணம் பெற்றுத் தரவு வழங்கும் சேவையொன்றை விக்கிமீடியா 2021இல் தொடங்கியது. வழங்கிகளின் செலவை அப்பணம் ஓரளவு ஈடுசெய்யலாம். வாசகன் எழுத்தாளனாகும் அந்த நிலைமாற்றத்தை அதனால் விலைக்கு வாங்கவியலாது.