தோட்டை அடகு வைக்கலாமா?

அட்டன் பகுதித் தோட்டமொன்றிலிருந்து பழைய மாணவன் ஒருவன் சென்ற கிழமை என்னை நாடி வந்தான். ஒலிப்பதிவும் திரைப்படத் தொழிலும் பயிற்றும் தனியார் கல்லூரி ஒன்றிற் சேரக் கொழும்புக்குப் போக வேண்டுமாம். கட்டணத்துக்குத் தாயின் தோட்டை அடகு வைக்கவேண்டும். “சேரலாமா, ஐயா?” என்றான்.

யாப்பிலக்கணம் கற்பிப்பவனிடம் கேட்கும் கேள்வியா இது! ஆயினும், மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலுமகேந்திராவை நினைத்துக்கொண்டேன். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று 1969இல் தங்கப் பதக்கம் பெற்றவர் அவர். 1960இல் தோன்றிய அக்கல்லூரி, பிரபாத் படநிறுவனத்தின் பழைய படப்பிடிப்பு நிலையத்திலேயே அமைந்தது. அரங்கும் கருவியும் அருகிலேயே இருந்தன. அத்தகைய இடத்திற் கற்பது வீண் அன்று. அவர் ஒளிப்பதிவு செய்த ‘நெல்லு’ 1974இல் வெளிவந்து, கேரள அரசின் விருதையும் பெற்றுத் தந்தது.

ஆனால் சான்றிதழ் வேறு, கைப்பழக்கம் வேறு. காரிகை கற்றவனெல்லாம் வெண்பாப் பாடிவிடுகிறானா? கருவியின் முன் ஒரு மாணவன் கிழமைக்கு எத்தனை மணி நேரம் தனியே அமர்வான். முன்பு பயின்றவர்கள் இன்று எங்கே தொழில் செய்கிறார்கள். சான்றிதழ் தேசிய தொழிற்றகைமைத் தரம் உடையதா என்று அக்கல்லூரிக்கு எழுதிக் கேட்கச் சொன்னேன். மறுமொழி வரும்வரை தோடு தாயின் காதிலேயே இருக்கட்டும் என்றேன்.