லோலாவின் மூன்று ஓட்டங்கள்

டாம் டிக்வர் இயக்கி 1998இல் வெளிவந்த ஜெர்மன் படம் ‘ரன் லோலா ரன்’. அதை விதியின் விளையாட்டு என்றே பலரும் சொல்வார்கள். பணப்பையைத் தொலைத்துவிட்ட காதலன் மன்னியைக் காப்பாற்ற 20 நிமிடத்தில் 1,00,000 மார்க் வேண்டும். லோலா பெர்லின் தெருக்களில் ஓடுகிறாள், மூன்று முறை, மூன்று முடிவுகளோடு. படிக்கட்டில் ஒரு நாயால் வரும் நொடித் தாமதமே எல்லாவற்றையும் மாற்றுகிறது என்பது பாதி உண்மைதான். முதல் ஓட்டத்தில் துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டை விடுவிக்க மன்னி சொல்லித்தர வேண்டியிருக்கிறது. இரண்டாவதில் அவளே விடுவிக்கிறாள். பட்ட அனுபவம் எப்படியோ அவளிடம் தங்கிவிட்டது. அப்படியானால் மூன்றாவதில், சூதாட்ட விடுதியில் 20ஆம் எண்ணில் இருமுறை ஜெயிப்பது? குருட்டு அதிர்ஷ்டமேதான், கண்ணாடிகளை நொறுக்கும் அவளது அலறலையும் சேர்த்து. ஆனால் அவள் பணத்தோடு வந்து சேர்வதற்குள், தொலைத்த பையை எடுத்துச் சென்றவனைத் துரத்திப் பிடித்து மன்னியே மீட்டுவிடுகிறான்.