கைக்கு உதவும் சட்டம்

பழம்புடவைகளை அடுக்கித் தைத்துப் போர்வையாக்குவது நம் நாட்டின் பல பகுதிகளிலும் வழங்கிவரும் கைத்தொழில். வங்காளத்தில் இதனைக் காந்தா என்பர், பீகாரில் சுஜனி, கர்நாடகத்தில் கௌதி. நம் ‘கந்தை’யும் வங்காளத்தின் ‘காந்தா’வும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. கோயில் தேர்களில் தொங்கும் தொம்பைகளைக் கண்டவர்களுக்குத் துணிமேல் துணி வைத்துத் தைக்கும் கலை புதிதன்று.

போர்வைக்கு மூன்று அடுக்குகள் வேண்டும். மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு அல்லது பழந்துணி, அடியில் முழுத்துணி. தரையில் விரித்துத் தைக்கையில் ஒரு கை ஊசியைச் செலுத்த, மறு கை துணியைப் பிடித்துக்கொள்ளும். எனக்குத் தடையாக நின்றது இந்த மறு கைதான். சிறு வயதில் முறிந்த என் இடக்கை மணிக்கட்டு திரும்பாது. விரல்கள் துணியைப் பற்றா. பச்சைமலையில் எங்கள் வீட்டில் மார்கழிக் குளிருக்குப் போர்வை தைக்காத பெண் இல்லை. நான் மட்டும் நூற்கண்டு எடுத்துக் கொடுப்பவளாகவே இருந்தேன்.

அக்குறையைத் தீர்த்தது மரச்சட்டம். நான்கு கட்டைகளைப் பிணைத்துக் கால் பொருத்திய சட்டம் துணியைத் தானே பிடித்துக்கொள்கிறது. மரவளையமாயின் அதை மேசை விளிம்பில் இறுக்கிவிடலாம். பூவேலைக்குத் துணியைப் பறைத்தோல்போல் இழுத்துக் கட்டுவோம். போர்வைக்கு அது ஆகாது. உள்ளங்கையால் அழுத்தினால் துணி சற்றே அமிழ வேண்டும். முதலில் நீண்ட தையல்களால் அடுக்குகளைப் பிணைத்துக்கொண்டு, நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் தைத்தால் சுருக்கம் விழாது.

ஒரு கையால் தைப்பவர் ஊசியை நேராகக் கீழே குத்தி, அதே கையைச் சட்டத்தின் அடியில் கொண்டுசென்று இழுத்து, மீண்டும் மேலே குத்த வேண்டும். வேகம் குறைவு, ஆனால் மறு கைக்கு வேலை இல்லை. சட்டம் முழங்கை உயரத்தில் இருந்தால் தோள் நோகாது. ஊசியைச் சோப்புக்கட்டியில் குத்தி நிறுத்தினால் ஒற்றைக் கையாலேயே நூல் கோக்கலாம். ஊசி வழுக்கினால் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை விரல்களுக்கிடையே வைத்து இழுக்கலாம். மூட்டுவாதத்தால் விரல் நோகும் முதியோர்க்கும் இது உதவும். அரைமணிக்கு ஒருமுறையேனும் எழுந்து கைகால்களை நீட்டுதல் நன்று.

என் முதற்போர்வை முடிய நான்கு திங்கள் ஆயின. தையல்கள் சற்றே நீண்டவை. ஆயினும் போர்வையின் கதகதப்பில் குறைவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிட்டு, அவரவர்க்கு வேண்டிய தகுந்த மாற்றங்களைச் செய்து தரவும் வலியுறுத்துகிறது. மரச்சட்டம் எனக்குச் செய்ததும் அதுவே. கை மாறவில்லை, துணியைப் பிடிக்கும் முறைதான் மாறியது. ஆதலின், மாணவ நண்பர்களே, ஆய்வுக்கூட மேசையாயினும் நூலகப் படிக்கட்டாயினும், “இவரால் முடியுமா?” என்று கேட்குமுன், “இவருக்கு எந்தச் சட்டம் வேண்டும்?” என்று கேட்போமாக.